கண்ணாடி உருண்டைக்குச் சந்தனக்காப்பு

எங்கள் மாமா வேலை பார்த்த இடத்தை மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருந்த குன்று அது. உச்சியில் ஒரு சின்ன வானிலை நிலையம். அம்மாவின் தம்பியான மாமா தினமும் படியேறி, மழையையும் காற்றையும் வெயிலையும் அளந்து பதிவேட்டில் எழுதுவார். கண்ணால் பார்க்காததை அவர் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் பெண் எப்படி என்று அம்மா கேட்டதற்கே, "வெளிச்சம் கம்மிக்கா, சரியாத் தெரியல" என்று சொன்ன மனிதர்.

தொண்ணூறுகளில், எனக்கு எட்டு வயதானபோது, நிலையத்துக்கு வெள்ளிவிழா வந்தது. பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி மேசையில் பரப்பினார்கள். கல்லும் சிமெண்டும் தலைச்சுமையாக மேலே போன காலத்துப் படங்களை மாட்டினார்கள். மேலதிகாரி வந்து பேசுவார், மாமாவுக்குப் பொன்னாடை போர்த்துவார் என்று பேச்சு. மாமா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருக்கு எவ்வளவு ஆசை என்பதை அம்மா அதிலிருந்தே கண்டுகொண்டாள்.

அங்கே எனக்குப் பிடித்தது வெயிலைப் பதியும் கருவி. ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் நீளமாக ஓர் அட்டை. உருண்டை வழியாக விழும் வெயில் அட்டையில் கோடாகக் கருகிக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். நிலையம் தொடங்கிய நாளின் அட்டையையும் வெள்ளிவிழா நாளின் அட்டையையும் ஒரே சட்டத்தில் மாட்டுவதாக ஏற்பாடு.

விழா அன்று காலை அம்மா என்னிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னாள். நானோ திருக்கழுக்குன்றத்துப் பெண். அப்பாவுக்குக் கோயிலில் வேலை. சாமிக்குச் சந்தனக்காப்பு சாத்துவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவளுக்குப் பொட்டோடு நிறுத்த மனம் வருமா? உருண்டை லிங்கம் மாதிரி வழவழவென்று இருந்தது. ஓர் இடம் விடாமல் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். அப்போது மணி பத்து இருக்கும். மாமா கீழே நாற்காலி ஏற்றுகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மேலதிகாரி அட்டையை எடுக்கப் போனார். காலை பத்து மணி வரை அழகான கோடு. அப்புறம் வெறும் அட்டை. அன்றைக்கு அடித்த வெயிலில் வந்தவர்களெல்லாம் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அவரோடு வந்த எழுத்தர் மெல்ல, "மேகம்னு எழுதிடலாம் சார். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"மேகம் இல்ல சார். காலைலேர்ந்து பாத்துகினுதான கீறேன்" என்றார் மாமா.

"அப்ப இதை யாரு பூசினது?" என்று அதட்டினார் அதிகாரி.

மாமா என்னைப் பார்த்தார். என் பாவாடை முழுக்கச் சந்தனம்.

"நான்தான் சார். நல்ல நாளாச்சேன்னு பூசிட்டேன்."

பதிவேட்டில், "சந்தனம் பூசியதால் பதிவு இல்லை" என்று தன் குண்டு எழுத்தில் எழுதி மாமா கையெழுத்துப் போட்டார். பேச்சுகள் நடந்தன, கேசரி கொடுத்தார்கள். பொன்னாடை மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. படியிறங்கும்போது மாமா கையை நீட்டினார். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னா கண்ணு, இன்னா கோவம்?"

"பூசினது நானு. நீ ஏன் உன் பேரச் சொன்ன?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "தப்புதான். அடுத்த வாட்டி உன் பேரையே சொல்லிடறேன்" என்றார்.

ஒரு துண்டு மேகத்துக்காகக்கூடப் பொய் சொல்லாதவர் அன்று எனக்காக ஒன்று சொல்லியிருந்தார். எனக்கோ அவர் என் சந்தனக்காப்பைத் திருடிவிட்டதாகத்தான் பட்டது. கடைசிப் படி வரை நான் அந்தக் கையைப் பிடிக்கவே இல்லை.