ஆறுக்கு மூன்று வாங்கித் தந்த என் முகம்

மார்க் குறைந்ததற்குக் காரணம் நான்தான் என்று போன மாதம் என் மகள் கயல்விழி சொல்லிவிட்டாள். பத்தாவதோடு நின்ற எனக்கும் அவள் ஆங்கிலக் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க ஜி.ஆர்.இ. என்று ஒரு தேர்வு. அதில் ஒரு கருத்தைக் கொடுப்பார்கள். ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று அரை மணி நேரத்தில் எழுத வேண்டும். ஆறுக்கு நான்கு மார்க்காவது வாங்கினால்தான் அவள் ஆசைப்பட்ட கல்லூரி. பயிற்சியில் மூன்றைத் தாண்டவில்லை.

"இங்கிலீசுல தப்பா ஆத்தா?" என்றேன்.

"இங்கிலீசு நல்லாத்தான் இருக்காம். நான் எந்தப் பக்கம்னே தெரியலையாம். அதுவும் சரி, இதுவும் சரின்னு எழுதிவைக்கிறேன். எல்லாம் உங்க புத்திப்பா."

"நான் என்ன செஞ்சேன்?"

"கடையில காயப் பாத்துட்டு, என்னைக்காச்சும் நல்லாருக்குன்னு வாயத் தொறந்திருக்கீங்களா?"

நியாயம்தான். நான் போடியில் ஏலக்காய் வியாபாரி. காயை அள்ளுவோம், நசுக்குவோம், மோந்து பார்ப்போம். எவ்வளவு உயர்ந்த காயாக இருந்தாலும் முகத்தில் காட்ட மாட்டோம் — காட்டினால் விலை ஏறிவிடுமே. போதாக்குறைக்கு நான் கூச்ச சுபாவி. வீட்டிலும் அதே முகம்தான்...

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்: "பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தேன் உக்காந்திருந்தாரு. பிடிக்கலை போலன்னு எங்கய்யா வேற எடம் பாக்கக் கெளம்பிட்டாரு."

மறுநாள் முதல் கயல் முதல் வரியிலேயே தன் பக்கத்தைச் சொல்லிவிட்டு எழுதினாள். 'சொந்த ஊரில் தொழில் செய்வதே நல்லது' என்று ஒரு தலைப்பு. எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"இது தப்பு. எங்கப்பா இப்படித்தான் நெனைக்கிறாரு. அவர் நெனைக்கிறது தப்பு."

பிறகு வரிசையாகக் காரணங்கள். ஒவ்வொன்றும் எனக்கே சரியாகத்தான் பட்டது. இத்தனை தெளிவாக இந்த வீட்டில் யாராவது பேசியிருக்கிறார்களா?

மதுரைக்குப் போய்த் தேர்வு எழுதினாள். நேற்று முடிவு வந்தது. நாலரை.

இன்று காலை ஏல மையத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்: "நான் நெனைக்கிறது தப்புன்னு எம்மக எழுதிக் காட்டிட்டாண்ணே."

தோற்றதை இப்படி வலியப் போய்ச் சொல்லிக்கொள்வது பெற்றவர்கள் மட்டும்தான்.