கட்டை மேல் ஏறிய மீன் கடை

சாமியார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கடற்கரைக்கு நடக்கிறேன். போன வருடம் உட்கார்ந்து மீன் வறுவல் தின்ற மணல்மேட்டைக் காணோம். அங்கே இப்போது அலை அடிக்கிறது. கொஞ்சம் தள்ளி, ஏழெட்டுப் பேர் கயிறு கட்டி ஒரு தகரக் கடையை இழுக்கிறார்கள். அது செல்வியின் வறுவல் கடை.

"ஏம்பா, கடைய இடிக்கிறீங்களா?" என்று பதறி ஓடுகிறேன்.

"இடிக்கலண்ணே, ஏத்துறோம்" என்கிறாள் செல்வி. குனிந்து பார்க்கிறேன். படகைக் கரையேற்றுகிற அதே உருட்டுக்கட்டைகள் கடைக்கு அடியில் கிடக்கின்றன. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. சிதம்பரத்து ஜனம் பூரா வரும். இருட்டறதுக்குள்ள அடுப்பு வெச்சாவணும்."

"மறுபடியும் கடல் வந்துட்டா?"

"மறுபடியும் ஏத்துவோம். பின்னாடி சவுக்குத்தோப்பு எங்க மாமாவுது. எடம் தரேன்னுட்டாரு."

"தோப்பையும் அரிச்சிட்டா?"

"அண்ணே, மொதல்ல கயித்தப் புடிங்க. கவலைய அப்புறம் படலாம்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் பிடித்து இழுக்கிறேன். கட்டைகள் உருள, சட்டி குண்டான் குலுங்க, கடை தோப்போரம் போய் நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் அடுப்பு எரிகிறது. முதல் சங்கரா மீன் என் இலையில் விழுகிறது.

"அடுத்த வருஷம் வந்தா கடைய எங்க தேடுறது?"

"கடலுக்கு முதுகக் காட்டி நில்லுங்க" என்கிறாள் மீனைப் புரட்டியபடி. "எதுக்க பொகை தெரியும்."