கேரவனுக்கு அடியில்

என் மகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும், போனில். சாயங்காலம் ஆனால் அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கி எனக்கு வீடியோ கால் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், கோழி எங்கே முட்டை இட்டது, அம்மா எதற்காக முதுகில் ஒன்று வைத்தாள், எல்லாக் கதையும் எனக்கு வந்துவிடும். நானும் அந்த நேரத்துக்கு முகம் கழுவி, தலை சீவி, சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பேன். அதே பிள்ளை, போன தடவை நான் லீவில் போய் பெட்டியோடு வாசலில் நின்றபோது, வீறிட்டு அழுதுகொண்டு உள்ளே ஓடிவிட்டாள். லீவு முடியும்வரை பக்கத்தில் வரவில்லை. சின்னப் பிள்ளை, முகம் பழகவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். போகப் போக என்றால் எங்கே போவது? எனக்கு அதற்குள் டூட்டிக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது.

அதனால்தான் இந்த வருஷம் ஊரில் பள்ளிக்கூட லீவு விட்டதும் அவர்கள் இரண்டு பேரையும் விசிட் விசாவில் இங்கே கூட்டிவர நினைத்தேன். ஒரு மாதம் என்கூடவே இருந்தால் ஒட்டிக்கொள்வாள் என்று நம்பினேன். ஆனால் எங்கே தங்கவைப்பது? நான் ராஸ் அல் கைமாவில் ஓர் அரபி வீட்டுக்கு டிரைவர். தங்குவது ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய பேரீச்சந்தோட்டத்தில், மற்ற வேலையாட்களோடு ஒரே ரூமில். அந்த ரூமில் பெண்டாட்டி பிள்ளையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. வெளியே ஃபிளாட் எடுக்க எனக்கு வக்கில்லை. மிச்சம் இருந்தது தோட்டத்தின் கடைசியில் நின்ற கேரவன்தான்.

சினிமாக்காரர்கள் மேக்கப் போட உட்காரும் கேரவன் இதன் முன் சும்மா. ஒரு பஸ் நீளம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததாம். உள்ளே தோல் சோபா, கூரையெல்லாம் கண்ணாடி, தங்க நிறத்தில் குழாய்கள், ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவரே வெளியே நகர்ந்து ஹால் பெரிதாகும். அர்பாபின், அதாவது என் முதலாளியின், அப்பா உயிரோடு இருந்தபோது குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்துக்கு அதில்தான் போவார்களாம். அவர் இறந்த பிறகு நிறுத்தியது நிறுத்தியதுதான், வெயிலில் வெந்துகொண்டு கிடந்தது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அர்பாப் உடனே சரி என்றார். "நீயே ரிப்பேர் பண்ணிக்கோ, பேமிலி வந்து தங்கட்டும். கட்டிங் மட்டும் மாஃபி. எதையும் வெட்டக் கூடாது. அது பாபாவோட வண்டி."

நான் மெக்கானிக் இல்லை. டயர் மாற்றுவேன், ஆயில் பார்ப்பேன், அவ்வளவுதான் என் கைத்தொழில். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். கூரையில் ஒட்டியிருந்த ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கான் பூசினேன். தண்ணீர்க் குழாய்கள் தொட்டால் உடைந்தன. ஓர் இடத்தில் ஒழுகலை நிறுத்தினால் அடுத்த இடத்தில் பீச்சியடித்தது. அந்த நகரும் சுவர் இருக்கிறதே, அது என் உயிரை வாங்கிவிட்டது. ஆசைக்கு ஒருநாள் பொத்தானை அழுத்தினேன், பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சுற்றியிருந்த இடைவெளியை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிட்டு, சனியனே கிட என்று விட்டுவிட்டேன்.

பெரிய தலைவலி ஏசி. கூரையில் இரண்டு இருந்தன. ஒன்று செத்துப்போனது, அதன் பாகங்களைக் கழற்றித்தான் இன்னொன்றுக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு வழி சொன்னவன் அபுதாபி பக்கம் முசஃபாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் மச்சான் முறைக்காரன். அமெரிக்க வண்டி என்பதால் அதற்கு நம் கரண்டில் பாதிதான் கொடுக்க வேண்டும், நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும் என்று அவன்தான் எச்சரித்தான். முன்பு சவுதியில் வேலை பார்த்த ஒருவர் மூட்டைகட்டி வைத்திருந்த பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் பிடித்துக் கொடுத்தான். அதை வெளியே வைத்து, வண்டிக்கு அடியில் போகும் பழைய வயரில் இணைத்தேன். ஏசி ஓடியது. சில்லென்று காற்று முகத்தில் அடித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். "சினிமாக்காரவுக வண்டி மாதிரில்ல இருக்கு. பாப்பா குதிக்கிறா" என்றாள்.

ஏர்போர்ட்டில் பாப்பா என்னைப் பார்த்தாள், அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்ததுதான். ஒரு மாதம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கேரவனுக்குள் நுழைந்ததும் கூரைக் கண்ணாடியில் தன்னைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனை பாடும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அலறல். இங்கே வெயில் காலத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர்தான் வரும், டேங்க் வெயிலில் நிற்கிறது அல்லவா. நாங்கள் எல்லோரும் ஹீட்டரை அணைத்துவைத்துவிட்டு, அதற்குள் ஆறிக்கிடக்கும் தண்ணீரில்தான் குளிப்போம். வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர். இந்த ஊர்க்காரனுக்கெல்லாம் அது மூச்சு விடுகிற மாதிரி, சொல்லவேண்டும் என்றே தோன்றாது. மனைவி தெரியாமல் பிள்ளையின் கையை அந்தக் குழாயில் பிடித்துவிட்டாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. நான் உள்ளே பாய்ந்து குழாயை வைதேன், டேங்கை வைதேன், என் தலையெழுத்தை வைதேன், சுவரில் ஓங்கி ஓர் அடி வேறு. பாப்பா சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். வலி போய்விட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில நாளிலேயே ஏசி நின்றுவிட்டது. கெப்பாசிட்டர் போயிருக்கும் என்றான் மச்சான். மாற்றினேன். ஒருநாள் ஓடியது, மறுபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை லீவில் அவனே நேரில் வந்து கூரையில் ஏறி உட்கார்ந்து என்னென்னவோ செய்து ஒருவழியாக ஓடவைத்தான். இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, இது வேலைக்காவாது. கிச்சன் பக்கம் ஒரு ஓட்டையப் போட்டு ஜன்னல் ஏசிய மாட்டிரு. லேபர் கேம்ப்ல நாம அப்புடித்தான செய்யிறோம்" என்றான்.

"அர்பாப் தோல உரிச்சிருவாரு. வெட்டக் கூடாதுன்னுதான குடுத்தாரு."

"அப்ப பொண்டாட்டி புள்ளையப் பொரிச்சு எடு."

அவன் போகும்போது ஓடிக்கொண்டிருந்த ஏசி, அவன் பஸ் ஏறுவதற்குள் நின்றுவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்த மாதிரிதான் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் டூட்டி. அர்பாபின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கூட்டிவந்து, மதியம் தோட்டத்துக்கு வருவேன். கேரவனுக்குள் நிற்க முடியாது, இட்லிப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். இரண்டு பேரும் வெளியே பேரீச்சை மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயும் அனல் காற்று, ஈ. பாப்பாவுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு அப்பிவிட்டது. மனைவி அட்டையால் விசிறிக்கொண்டே இருப்பாள். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கூரைக்கு ஏறுவேன், இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் போவேன். திருகு வழுக்கும், கை கிழியும், என் வாய் சும்மா இருக்காது. வண்டியின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டு வைவேன்.

"வந்தன்னைலேருந்து உங்க காலத்தாங்க பாக்குறோம்" என்றாள் மனைவி ஒருநாள், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு. "கொஞ்ச நேரம் வெளிய வந்து அவகிட்ட உக்காருங்களேன்."

"யாருக்காகப் பண்றேன்? எனக்காகவா?"

"அது தெரியும். ஆனா சாயங்காலமானா போனக் குடு போனக் குடுன்னு நச்சரிக்கிறா. நான் குடுக்கல. அப்பா இங்கதான இருக்காருன்னு சொன்னா மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிறா."

கார்ட்டூன் பார்க்கக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளும் நிலைமையில் நான் இல்லை. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவள் இன்னும் என் கையைக்கூடத் தொடவில்லை. பிஸ்கட்டை நீட்டினால் அம்மாவைப் பார்ப்பாள், அம்மா தலையாட்டினால் நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டு ஓடுவாள். உள்ளே குளுகுளு என்று ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், சோபாவில் மூன்று பேரும் உட்காருவோம், நடுவில் அவள் இருப்பாள் என்று ஒரே வெறியாக அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள் வயர் கருகிய வாடை வந்தது. தரைக்கு அடியில் போகும் அந்தப் பழைய வயர்தான் சூட்டில் உருகியிருந்தது. ஏசி இழுக்கிற கரண்டை அது தாங்கவில்லை. இத்தனை நாளும் கூரையில் தேடிய கோளாறு கீழே இருந்திருக்கிறது. அன்று காலையிலிருந்தே பாப்பாவுக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நாளைக்குள்ள சரியாச்சுன்னா இருக்கோம். இல்லைன்னா டிக்கெட்ட மாத்திருங்க. புள்ளைக்கு எதாச்சும் ஆயிட்டா நம்ம ரெண்டு பேராலயும் தாங்க முடியாது" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. போனால் அடுத்து எப்போது பார்ப்பேன்? அதற்குள் பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயது கூடியிருக்கும், நான் இன்னும் அந்நியன் ஆகியிருப்பேன்.

புது வயர் வாங்கிக்கொண்டு வந்து அடியில் படுத்தேன். மண் சுட்டது. பழைய வயர் ஒரு குழாய்க்குள் இறுகிக்கிடந்தது, இழுத்தால் வரமாட்டேன் என்றது. வைதேன், உதைத்தேன், அழுதேன் என்றும் சொல்லலாம், வேர்வையில் எனக்கே தெரியவில்லை. வெயில் தாழ ஆரம்பித்தது. காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்ததால் மனைவி பாப்பாவை உள்ளே, எங்கள் ரூமிலிருந்து தனி வயர் இழுத்துப் போட்டிருந்த ஃபேனுக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, டேங்குக்குப் பின்னால் துணி துவைக்கப் போனாள்.

அப்போது என் பையில் போன் அடித்தது. வீடியோ கால், மனைவியின் நம்பர். எடுத்தால் பாப்பாவின் முகம். அம்மா வைத்துவிட்டுப் போன போனை எடுத்திருக்கிறாள்.

"அப்பா" என்றாள், ஊரிலிருந்து கூப்பிடுவாளே, அதே ராகத்தில். முகமெல்லாம் சிரிப்பு. "ஏம்ப்பா இருட்டா இருக்கு? அங்க கரண்டு இல்லையா?"

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. வாய் தானாக, "ஆமாடா தங்கம், கரண்டு போச்சு" என்றது.

"நாங்க பஸ் வீட்டுக்கு வந்திருக்கோம். மேல கண்ணாடி இருக்குப்பா. சுடுதண்ணி கையில பட்டுருச்சு. காய்ச்சல் வந்துச்சு." மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க ஒரு ஆளு இருக்காருப்பா. எப்பப் பாரு பஸ்ஸ வஞ்சுக்கிட்டே இருக்காரு. செவத்துல அடிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு. அம்மா அவரத்தான் அப்பாங்குது."

என் மார்புக்கு நேர் மேலே, தகரத்துக்கும் பலகைக்கும் அந்தப் பக்கம், அவள் கால் ஆட்டும் சத்தம் தட்டுத்தட்டென்று கேட்டது.

"நீ எப்பப்பா வருவ?"

"இந்தா வர்றேன்" என்றேன்.

வயரை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஊர்ந்து வந்தேன். டேங்கில் முகம் கழுவினேன், கொதித்தது, பரவாயில்லை என்று கழுவினேன். தலையைக் கையால் சீவிக்கொண்டேன். லைனைக் கட் பண்ணாமல் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேரவன் படியில் ஏறினேன். போனில் இருக்கிற முகமும் வாசலில் நிற்கிற முகமும் ஒன்றுதான் என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பெரிய யோசனை என்றுகூட நினைத்தேன்.

பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சோபாவில் காலை மடக்கிக்கொண்டு மூலைக்கு நகர்ந்தாள். போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னாள்.

"அப்பா, அவரு வந்துட்டாரு."

அது என் கையிலிருந்த போனிலும் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிப் படியிலேயே உட்கார்ந்தேன். போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தேன், அவளுக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு.

"பயப்படாத பாப்பா" என்றேன். "அவரு இனிமே வைய மாட்டாரு."

"நெசமாவாப்பா?"

"நெசமா."