கட்டிய பைக்குள் ஒரு துடிப்பு

காதில் பூச் சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். இது பட்டப்பகலில், ஆபரேஷன் தியேட்டரில், என் கண் முன்னால் நடந்தது.

நோயாளி ஒரு பஸ் டிரைவர். சர்க்கரை நோயில் இடது கால் முழங்கால் வரை அழுகியிருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

"தம்பி, அறுக்கிறது எனக்குத் தெரியக்கூடாது" என்றார்.

"ஒண்ணும் தெரியாது. தூங்குங்க."

அவர் நெஞ்சில் ஒரு சின்ன வில்லையை ஒட்டினேன். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அது அளந்து, கம்பி இல்லாமலே திரைக்கு அனுப்பும். விழித்திருக்கும்போது அந்த இடைவெளி கூடும், குறையும். மயக்கம் ஆழமானால் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடும். 2.35க்கு அப்படித்தான் ஆனது.

3.10. கால் தனியே வந்தது. நர்ஸ் அதை ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டு இறுகக் கட்டினார்.

3.12. திரையில் இடைவெளிகள் தாறுமாறாகக் குதித்தன. நன்றாக விழித்திருக்கிற ஆளின் துடிப்பு அது.

ஐயோ, மனுஷன் முழித்துவிட்டாரா? மருந்தைக் கூட்டினேன். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. இன்னும் கூட்டினால் உயிர் போய்விடும். திரையோ அடங்கவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நிதானமாக, ஒரே சீராக ஓடியது.

அப்படியானால் திரையில் துடிப்பது யார்?

துணியை விலக்கினேன். நெஞ்சில் வில்லை இல்லை. மேசையில் இல்லை... தரையில் இல்லை...

"சிஸ்டர், பையைப் பிரிங்க."

"இப்பதான சார் கட்டினேன்..."

பிரித்தார். கறுத்த உள்ளங்காலில், சீழுக்கு நடுவே, வில்லை ஒட்டியிருந்தது.

அதன் அடியில் தோல்... ஏறி இறங்கியது.

லப்... டப்...

அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

"கட்டிடுங்க."

"சார்... வில்லை?"

"கட்டுங்க!"

மருந்தைக் குறைத்தேன். டிரைவர் பிழைத்தார்.

மறுநாள் காலை பதிவைப் பார்த்தேன். துடிப்பு 4.40 வரை ஓடியிருந்தது. கடைசி நிமிடம் வெறிபிடித்தாற்போல் துள்ளி, நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கழிவு எரிக்கும் ஆளிடம் கேட்டேன். பையை உலைக்குள் தள்ளியது 4.39க்காம்.

வார்டுக்கு ஓடினேன். டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுத்தது தெரியல தம்பி. ஆனா... திறந்து பாத்தீங்களே, ஏன் மறுபடி கட்டச் சொன்னீங்க?"