மூன்று கொட்டேஷனில் ஒரு பிரௌசர்

திருப்பதியில் குடியிருப்பவனிடம் உலகத்து உறவினர் அனைவரும் தரிசன டிக்கெட் கேட்பார்கள். ஏழுமலையான் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பதாக அவர்களுக்கு எண்ணம்.

இம்முறை கேட்டவர்கள் வேலூரில் இருக்கும் சம்பந்திகள். மகளுக்குக் கல்யாணமான பிறகு அவர்கள் எங்களிடம் கேட்ட முதல் உதவி.

"இதுல மட்டும் என் மானத்த வாங்கிடாதீங்க" என்றாள் மனைவி.

டிக்கெட் இணையத்தில்தான். திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். எனவே நல்ல பிரௌசர் வேண்டும். சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் குண்டூசிகூட வாங்கியதில்லை. மூன்று பிரௌசர்களை இறக்கி, பாதுகாப்பு, வேகம், இணையத் தரவிதிகள் என்று தலைப்புவாரியாக மதிப்பெண் போட்டேன்.

முதலாவது மின்னல். ஆனால் சர்க்கரை இல்லாத பிஸ்கட்டைத் தேடியதற்கு மறுநாள் முழுக்க நீரிழிவு மருத்துவமனை விளம்பரம் காட்டியது. இரண்டாவது தரவிதிகளை அட்சரம் பிசகாமல் பின்பற்றியது. நேர்மையான அதிகாரியிடம் போல அதனிடமும் பாதி வேலை நடக்கவில்லை. மூன்றாவது யாரையும் நம்பாது. தளங்கள் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கீகளை அழிக்கும், தானாகத் திறக்கும் ஜன்னல்களை அடைக்கும். காலமெல்லாம் தணிக்கைக்காரர்களோடு வாழ்ந்தவனுக்கு வேறு எது பிடிக்கும்? அதையே தேர்ந்தெடுத்து, பாதுகாப்பை உச்சத்தில் வைத்தேன். பணம் கட்டும் பக்கம்வரை போய்ச் சோதிக்கவில்லை. வாங்காத பொருளுக்குப் பணம் கட்டப் போவது விதிகளுக்குப் புறம்பு.

டிக்கெட் திறக்கும் நாள் காலையில் மனைவி கேட்டாள்: "ஏங்க, நானும் என் போன்ல தொறந்து வெச்சிக்கினு உக்காரட்டா?"

"ஒரே வேலைக்கு இரண்டு டெண்டர் கூடாது."

இணைய வரிசை நகர்ந்து தளம் என்னை உள்ளே விட்டது. சம்பந்தி வீட்டார் நால்வரின் பெயர், ஆதார் எண் எல்லாம் அடித்து, பணம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூலையில் ஒரு குட்டிக் கேடயம் பெருமையாக மின்னியது: சந்தேகத்துக்குரிய ஜன்னல் தடுக்கப்பட்டதாம். அது வங்கியின் ஜன்னல். அனுமதி கொடுத்தேன். அனுமதி அமலுக்கு வர, பிரௌசர் தன்னை மூடித் திறந்தது. மூடும்போதே குக்கீகளை அழித்தது. தளத்துக்கு நான் யாரென்றே தெரியவில்லை. வரிசையின் வாலுக்குப் போய், மறுபடி என் முறை வந்தபோது எல்லாத் தேதியும் தீர்ந்திருந்தது.

"இன்னா ஆச்சு?"

"நம் தகவல் எதுவும் கசியவில்லை."

"டிக்கெட்டும் கசியாம பாத்துக்கினீங்களே!" சம்பந்தியை அழைத்து, போனை என் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க."

கேடயம்வரை விளக்கினேன்.

"போனா போவுது சம்பந்தி, இலவச வரிசைல நிப்போம்" என்றார் அவர். "ஆனா நீங்களும் எங்ககூட நிக்கணும். இந்தக் கதைய என் பொண்டாட்டிக்கு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா."

போய் நின்றோம். கூண்டு போன்ற காத்திருப்புக் கூடத்தில், முன்னால் இருந்த தெலுங்குக் குடும்பமும் திரும்பி உட்கார்ந்து கேட்க, கதையை முழுதாகச் சொன்னேன். நான் விட்ட இடங்களை மனைவி நிரப்பினாள். சம்பந்தியம்மா அவள் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார், அவளும் சிரித்தாள். வாங்கப்பட்டது யாருடைய மானம் என்பதில் அங்கே இருந்த யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.