மேலக்கா கற்ற மொழி

கட்டுமான இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறி, பதினாறு மாடி உயரத்திலிருக்கும் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். பதினோரு வருஷமாக இதே வேலை. ஆம்பளைகளே தயங்கும் உயரத்துக்கு ஒரு பொம்பளை ஏறுகிறாளே என்று முதல் வருஷம் வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. ஒரு லோடைக்கூட அவள் சுவரில் உரசவிட்டதில்லை என்று தெரிந்த பிறகு வேடிக்கை நின்றது.

மேலே இருந்தால் எல்லாம் தெரியும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். தெரியாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே லோடை இறக்கும்போது இரும்பு வடம் உள்ளே போவது மட்டும்தான் கண்ணில் படும். கொக்கியில் தொங்குவது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அடியில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் சொன்னால்தான் உண்டு.

ஒன்பது வருஷம் அந்தக் குரல் ஒரே ஆளுடையதாக இருந்தது. அவர் இருமினால்கூட எதற்கு இருமுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வேறு மொழி பேசும் ஊரிலிருந்து இருபது ஆட்களோடு வந்தவர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் விசில்காரர் என்று பெயர் விழுந்தது. அவர் பேசுவது அவளுக்குப் புரியாது. அவள் பேசுவது அவருக்குப் புரியாது.

சூப்பர்வைசருக்கு இரண்டு மொழியும் அரைகுறை. "போன்ல மொழிபெயர்க்கிற ஆப் இருக்கு மேலக்கா. அவர் பேசினா உடனே நம்ம மொழியில சொல்லிடும்" என்றார்.

"உடனேன்னா எவ்வளவு நேரம் சார்?"

"மூணு செகண்ட்."

"மூணு செகண்டுல ரெண்டு டன் எங்க போய் நிக்கும்னு தெரியுமா சார்?"

அவர் பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அதுவரை கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் கைச்சாடையில் வேலை. பதினோராம் நாள் கட்டடங்களுக்கு நடுவே கான்கிரீட் சுவர்ப் பலகைகளை இறக்கியாக வேண்டும்.

வழி சொன்னவள் நாத்தனார். பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் எழுத ஏஐ வைத்துக்கொண்டிருப்பவள். "இதுகிட்ட எந்த மொழியிலயும் பேசலாம் அண்ணி. என்ன வேஷம் கட்டச் சொன்னாலும் கட்டும்" என்று போனில் போட்டுக் கொடுத்தாள்.

மேலக்கா அதற்குச் சிக்னல்காரர் வேஷம் கட்டிவிட்டாள். அது உத்தரவு கொடுக்கும். மேலே, கீழே, இடது, வலது, மெல்ல, நில். ஒவ்வொன்றுக்கும் சமையல் மேடையில் ஒரு டம்ளரை நகர்த்துவாள். தப்பான பக்கம் போனால் மறுபடி முதலிலிருந்து. லோடை முழுசாக உட்காரவைக்க என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். ஒரு சின்னச் சொல் சொன்னது, நம் 'விடு' மாதிரி. அதையும் பழகினாள். மிக்ஸியை ஓடவிட்டு அந்த இரைச்சலில் கேட்டாள். பாதி வார்த்தையை விழுங்கிப் பேசச் சொன்னாள், விழுங்கியது. உத்தரவு முடிந்ததும் அதே மொழியில் ஊர்க்கதை பேசச் சொல்லிக் கேட்டாள். யோசிக்காமல் கை நகர வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. ஒவ்வொரு தடவையும் அது அருமை, பிரமாதம் என்று சொன்னதுதான் அவளுக்கு எரிச்சல்.

"எங்கண்ணன் பதினாலு வருஷத்துல சொல்லாததை இது பத்து நிமிஷத்துல சொல்லிடுச்சு. அனுபவிங்க அண்ணி" என்றாள் நாத்தனார். அவள் அண்ணன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

பதினோராம் நாள் காலையில் வாக்கி டாக்கியில் அவர் மொழியிலேயே வணக்கம் சொன்னாள். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. "செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறீங்களாம்" என்றார் சூப்பர்வைசர். வேலை என்னவோ ஒழுங்காகவே நடந்தது. நான்கு நாளில் பத்தொன்பது பலகைகள் இறங்கின. ஒவ்வொரு பலகையும் தரையை நெருங்கியதும் 'நில்' வரும். ஆட்கள் அதை நேராக்குவார்கள். பிறகு 'விடு' வரும். லீவரை மெல்லத் தள்ளுவாள், வடம் தளரும்.

ஐந்தாம் நாள் பதினோரு மணி இருக்கும். காற்று கூண்டை ஆட்டிக்கொண்டிருந்தது. இருபதாவது பலகை. கீழே, கீழே, மெல்ல, நில். நிறுத்தினாள். வழக்கத்தைவிட நேரமானது. வாக்கி டாக்கியில் யார் யாரோ பேசுவது கேட்டது. பிறகு விசில்காரர் குரல், அவசரமாக: "விடு, விடு."

அவள் கை நகர்ந்தது.

ஒரு சாண்கூட இறங்கியிருக்காது. விசில் காது கிழிகிற மாதிரி ஒலித்தது. லீவரைப் பின்னுக்கு இழுத்தாள். வாக்கி டாக்கியில் ஒரு அலறல், பிறகு ஒன்றுமில்லை. வடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடத்தில் என்ன தெரியும்? கொஞ்ச நேரம் கழித்து 'மேலே, மெல்ல' என்றது அவர் குரல். அவள் நம்பவில்லை. அதையே அவர் மொழியில் திருப்பிக் கேட்டாள். அவர் மறுபடி சொன்ன பிறகுதான் ஒரு விரற்கடை தூக்கினாள்.

கீழே இறங்கி வருவதற்குள், பலகையை நேராக்கிக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பலகைக்கு அடியில் சாய்ந்திருந்த மர ஆப்பைச் சரிசெய்ய அவர் கையை நீட்டியிருக்கிறார். "அதைத் தொடாதே, விடு" என்கிற அர்த்தத்தில் விசில்காரர் அவரிடம்தான் கத்தியிருக்கிறார். கத்தும்போது விரல் வாக்கி டாக்கி பொத்தான் மேலேயே இருந்திருக்கிறது. கொத்தனாரின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

அவளை அப்போதே வீட்டுக்கு அனுப்பினார்கள். சமையலறையில் நின்றபடியே போனை எடுத்து, அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டாள். உண்டு, ஒன்றைத் தொடாமல் அப்படியே இருக்க விடு என்றும் பேச்சில் சொல்வார்கள் என்றது.

"இதை ஏன் முன்னாடி சொல்லல?"

லோடை இறக்குவதற்கான சொல்லை மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள், நான் கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும் என்றது. குரல் எப்போதும் போல இனிமையாக இருந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை உலுக்கியது. விசில்காரர் தினமும் நூறடி தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு நாள்கூட அவரிடம் போய், நீங்க இந்த வார்த்தையை எப்படிச் சொல்வீங்க என்று அவள் கேட்டதில்லை.

மறுநாள் விசாரணை. சிக்னல்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"அவர் மேல மட்டும் போடாதீங்க சார். சந்தேகம் வந்தா நிறுத்திட்டுக் கேக்கணும்ங்கிறது என் சட்டம். எனக்குச் சந்தேகமே வரல. அதான் தப்பு" என்றாள். இருவருக்கும் ஒரு வாரம் வேலை கிடையாது, அதற்குள் சொற்களை எழுதி முடிவுசெய்து வர வேண்டும் என்று தீர்ப்பானது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனாள். நாத்தனார் துணைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்க ஏஐ எழுதிக் கொடுத்த நான்கு வரி மனப்பாடமாக இருந்தது. அறையில் அடுக்குக் கட்டில்கள், துவைத்துப் போட்ட சட்டைகள். கீழ்க்கட்டிலில் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். விசில்காரர் எழுந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஜன்னலோரம் இருந்தவன் பக்கத்திலிருந்தவனிடம் அவர்கள் மொழியில் சொன்னான்: "கையை எடுக்கப் பார்த்தவ பழத்தோட வந்திருக்கா."

"மேல உக்காந்துட்டா கீழ இருக்கிறவன் எறும்புதானே" என்றான் மற்றவன்.

சொல்லுக்குச் சொல் இல்லாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது. பத்து நாள் மிக்ஸி இரைச்சலுக்கு நடுவே கேட்ட காது. காது சுட்டது. புரியாதவள் மாதிரி சிரித்துவிட்டு, பையை வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். மனப்பாடம் செய்த வரிகள் வாய்வரை வந்தன. அந்த அறைக்கு அவை ரொம்ப அழகாக இருந்தன.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றாள் அவர்கள் மொழியில்.

 ஜன்னலோரம் இருந்தவன் தரையைப் பார்த்தான்.

அவள் கொத்தனாரைப் பார்த்தே பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி, இலக்கணம் தாறுமாறாக. "என் கை நகர்ந்தது. அந்த வார்த்தைக்கு எனக்கு ஒரு அர்த்தம் மட்டும் தெரியும். நான் கேக்கணும். நான் கேக்கல."

கொத்தனார் கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "கேட்டிருக்கணும்னு சொல்லணும்" என்று அந்த வினைச்சொல்லைத் திருத்தினார்.

அவள் திருத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

"ஆமா. கேட்டிருக்கணும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. "சுண்டுவிரல் இனிமே மடங்காதாம். மத்தது பரவாயில்ல."

"வேலை?"

"செய்யலாம். முன்ன மாதிரி வேகம் வராது."

ஜன்னலோரம் இருந்தவன் ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தாள். விசில்காரர் ஒரு தாள் கொண்டுவந்தார். மதியம் வரை பேசிப் பதினோரு சொற்களை முடிவுசெய்தார்கள். லோடை உட்காரவைக்க, பேச்சில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய சொல்லைக் கொத்தனாரே தேர்ந்தெடுத்தார். வேறு யாரிடமாவது பேசும்போது பொத்தானிலிருந்து விரலை எடுப்பதாக விசில்காரர் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் அவள் ஏறினாள். ஒவ்வொரு உத்தரவையும் திருப்பிச் சொன்னாள். விசில்காரர் சரி என்ற பிறகே கை நகர்ந்தது. இரண்டு மடங்கு நேரமானது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி கீழே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசிச் சொல் வந்ததும் அதையும் கேட்டாள், பதில் வந்தது. பலகை உட்கார்ந்து வடம் தளர்ந்தது. லீவரிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்க ஈரமாக இருந்தது. சேலைத் தலைப்பு இல்லாத வேலை உடுப்பில் அதைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததைக் கொண்டுவரலாம் என்று அவர் மொழியில் சொன்னாள்.