சாக்பீஸ் விழாத வீடு

விசிட்டிங் கார்டில் 'சமையலறை வடிவமைப்பாளர்' என்றுதான் இருக்கும். ஆனால் அவளை அப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. சாக்பீஸ் அக்கா என்றால்தான் தெரியும்.

புதுச் சமையலறை வேண்டும் என்று யாராவது அழைத்தால், மற்றவர்களைப் போலப் போன வேகத்தில் டேப்பை உருவிச் சுவரை அளக்கிற ஆளில்லை அவள். "நீங்க பாட்டுக்குச் சமைங்க, நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சமைக்கிறவர் எங்கெங்கே கால் வைக்கிறாரோ அங்கெல்லாம் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. மத்தியானத்துக்குள் தரை முழுக்கக் கோடாகிவிடும். "ஒரு டீ போட பதினேழு தடவ நடக்கறீங்க சார். இனிமே வாக்கிங்னு தனியாப் போக வேண்டாம்" என்பாள். அதன் பிறகுதான் ஆளை அளப்பாள். முழங்கை எவ்வளவு உயரம், கை எதுவரை எட்டும், வலக்கையா இடக்கையா, குனிந்தால் எங்கே பிடிக்கிறது. வரைபடத்தின் தலையில் வாடிக்கையாளர் பெயரை எழுத மாட்டாள், இந்த எண்களைத்தான் எழுதுவாள். "பேர் ஊருக்கே இருக்கும். முழங்கை ஒருத்தருக்குத்தான்" என்பது அவள் கட்சி.

வரைவது அவள், அறுத்துச் செய்வது தம்பி. அவளைவிட எட்டு வயது இளையவன், ஒரு முழம் உயரமானவன். பன்னிரண்டு வருஷமாக ஒரே பட்டறை. அங்கே ஒரே ஒரு சட்டம்: சாக்பீஸ் விழாத வீட்டுக்கு ரம்பத்தைத் தொடக் கூடாது.

இப்படி ஊர் முழுக்க அளந்தவள் வீட்டுச் சமையலறையைப் பார்க்க வேண்டுமே! அது வாடகை வீடு. மேடை அவள் நெஞ்சுக்கு வரும். பலகை போட்டு ஏறி நின்றுதான் வெங்காயம் நறுக்குவாள். "ஊருக்கெல்லாம் பல்லி சொல்லுமாம், தான் போய்க் கழுநீர்ப் பானையில விழுமாம்" என்று எதிர்வீட்டுக்காரி கேலி பண்ணுவாள். தம்பி தினமும் பட்டறைக்குப் போகும் வழியில் அங்கே டீ குடிக்க வருவான், அவள் தனக்கும் அவனுக்குமாக இரண்டு டீ போட்டு வைப்பாள். உட்கார இடம் கிடையாது. நிலைப்படியில் தலையைக் குனிந்து நின்று, இரண்டே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

தனக்கென்று ஒரு சமையலறையை அவள் ஏழு வருஷமாக வரைந்துகொண்டிருந்தாள். மேடை எழுபத்தொன்பது சென்டிமீட்டர், அவள் குட்டை. எல்லாம் இடக்கை வாட்டத்துக்கு. ஸ்பூன் இழுப்பறை இடது இடுப்போரம். ஜன்னலை ஒட்டி ஓர் இருக்கை. அழித்து அழித்துத் தாளே மெலிந்துவிட்டது. அதற்கென்று நல்ல தேக்குப் பலகைகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறி போட்டு, மூன்று வருஷமாகப் பட்டறைப் பின்பக்கம் காயவைத்திருந்தாள். போன வருஷம் இரண்டு அறையில் சின்னதாக ஒரு சொந்த வீடும் அமைந்தது. இனி சமையலறைதான் பாக்கி என்றிருந்தபோது முட்டி ஆபரேஷன் வந்து தொலைந்தது. ஆறு வாரம் படுக்கை.

"நீ எழுந்து நட. மொத வேலை உன் கிச்சன்தான்" என்றான் தம்பி. அதை நம்பித்தான் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஏழாவது வாரம் ஒரு போன். "சாக்பீஸ் அக்காதானே? நான் ஸ்கூல்ல வாலிபால் டீச்சர். நீங்க போட்டுக் குடுத்த கிச்சன்ல முதுகு ஒடியுது. ஆளை அளப்பீங்கன்னு சொன்னாங்க, நீங்க எட்டிக்கூடப் பாக்கலையே!"

"நான் உங்க வீட்டுக்கு எதுவும் வரையலையே, டீச்சர்."

"என்ன விளையாடறீங்களா? வரைபடத்துல உங்க கையெழுத்து இருக்கு."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனாள். கதவைத் திறந்த டீச்சர் நெட்டையான பெண்மணி. சமையலறை வாசலில் கால் வைத்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. மேடைக்கு முன்னால் போய் நின்றாள். முழங்கைக்கு வாகாக, ஒரு விரல்கூட ஏறாமல் இறங்காமல் இருந்தது. பார்க்காமலே இடதுகையை இறக்கினாள். இழுப்பறை திறந்தது, ஸ்பூன் கைக்கு வந்தது.

"எப்படிக்கா? நான் ரெண்டு வாரமாத் தேடறேன், எனக்கு எதுவும் கைக்கு வர மாட்டேங்குது!" என்றாள் டீச்சர். "எல்லாம் கண்ணாடியில பாக்கிற மாதிரி மாறி மாறி இருக்கு. நிஜமாச் சொன்னா, அந்த ஜன்னலோரச் சீட்டு ஒண்ணுதான் எனக்கு வசதி. பேசாம அங்க உக்காந்துதான் காய் நறுக்கறேன்."

அக்கா குனிந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் பார்த்தாள். தேக்கில் பாதி அழிந்த சாக்பீஸ் குறி, அவள் கை போட்டது. ஐயோ பாவி, பலகையைக்கூட விட்டுவைக்கவில்லையே!

டீச்சரைத் திட்டி என்ன பிரயோஜனம்? "தப்பு எங்க மேலதான் டீச்சர். நீங்க ஒரு டீ போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். தன் சமையலறைத் தரையில் இன்னொருத்தியின் காலடிக்குக் கோடு போட்டாள். கண் கலங்கியது. பிழைப்பு பிழைப்புதான், முழுக் கோட்டையும் போட்டு, டீச்சரையும் அளந்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

நேரே பட்டறை. தம்பி ரம்பத்தை நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"அவங்க அவசரப்படுத்தினாங்கக்கா. நீ படுத்த படுக்கையா இருந்த. உன் டிராயர்ல அது இருந்துச்சு. சும்மா காட்டினேன், பிடிச்சுப் போச்சு."

"தலையில எண் இருந்துச்சே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"யாரு அளவுன்னு தெரியலையா?"

அவன் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டான். "தெரியும்."

தெரியாமல் செய்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை வேற்றாள் செய்தால் போய்த் தொலை என்று விடலாம். இவன் கூடப் பிறந்தவன்.

"எனக்குன்னு நான் கேட்டது அது ஒண்ணுதானேடா?"

"விடுக்கா, பெரிசு பண்ணாத. இன்னொண்ணு வரைஞ்சா ஆச்சு. அதுவுமில்லாம..." என்று இழுத்தான். "நீ ஒத்தை ஆளு. ஒரு அடுப்பு, ரெண்டு பாத்திரம் வைக்க எடம் இருந்தாப் போதாதா? உனக்கு எதுக்கு அவ்ளோ பெரிய கிச்சன்?"

ஆக, ஏழு வருஷமாக இதுதான் இவன் மனசில் இருந்திருக்கிறது. "உன் கிச்சன்தான் மொத வேலை" என்று சொன்னவன், தினமும் நிலைப்படியில் நின்று டீ குடித்தவன் மனசில்.

அவள் கத்தவில்லை. டீச்சரை அளந்த தாளை மேசையில் வைத்தாள். "மேடையைப் பதினாலு சென்டிமீட்டர் ஏத்தணும். இழுப்பறை எல்லாம் வலது பக்கம் போகணும். ஸிங்க்கும் அடுப்பும் எடம் மாறணும். நாளைக்கே ஆரம்பி."

"சரிக்கா."

"ஜன்னலோர இருக்கையை மட்டும் தொடாத. அது அவங்களுக்குச் சரியா இருக்கு."

"சரிக்கா."

"அதோட உயரம் என்னன்னு ஞாபகம் இருக்கா? நீதானே அறுத்த?"

"நாப்பத்தெட்டு."

"நாப்பத்தெட்டுல உக்காந்தா எனக்குக் கால் தரையில எட்டாதுடா. ஒத்தை ஆளுக்குன்னு வரைஞ்ச கிச்சன்ல அது யாருக்குன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?"

அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் டேப் உருவும் சத்தம் கேட்டது. திரும்பினாள். தம்பி ஒரு கட்டையில் உட்கார்ந்து, தரையிலிருந்து தன் முட்டிக்கு டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். எத்தனை என்று கேட்க அவள் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் ஒரு டீதான் போட்டாள்.